ஸ்பெஷலிஸ்ட் ஆக இரண்டு வாசல்: அரசு மருத்துவமனையா, ஆயுதப்படையா?

மருத்துவப் பட்டம் வாங்கிய பிள்ளையின் படம் நாளிதழில் வந்ததும் நம் குடும்பங்கள் கரை சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கின்றன. தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தா, தொழிற்சாலைக்குப் போன அப்பா, இன்று டாக்டர் ஆன பிள்ளை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், மறுப்பில்லை. ஆனால் பட்டம் வாங்கிய நாளில் அந்தப் பிள்ளை பாதி வழிதான் வந்திருக்கிறது. இதய நிபுணர், குழந்தை நல நிபுணர், எலும்பு முறிவு நிபுணர் என்று பலகை மாட்ட இன்னும் எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஓட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 17 வயதில் எஸ்.பி.எம். மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். முடிய 19. ஐந்தாண்டு மருத்துவம் முடிய 24. வேலைக்கு அழைப்பு வரும்வரை சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு இரண்டாண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. ஒரு துறைக்கு நான்கு மாதம் என ஆறு துறைகளில் சுற்றி வர வேண்டும். 2008-க்கு முன் இது ஓராண்டாக இருந்தது. அடுத்து மருத்துவ அதிகாரியாகக் கட்டாயச் சேவை. இதெல்லாம் முடியும்போது வயது 28, 29. அதற்குப் பிறகுதான் மாஸ்டர்ஸ் எனும் நிபுணத்துவப் படிப்பு. அது பெரும்பாலும் நான்கு ஆண்டு. எங்கும் தோற்காமல், எங்கும் தேங்காமல் போனாலும் நிபுணர் ஆகும்போது 33, 34 வயதாகிவிடும்.

இந்தப் பத்தாண்டில் தான் சிவிலியனா, ராணுவத்தானா என்பதை ஒரு டாக்டர் எங்காவது ஓரிடத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். நம் பிள்ளைகளில் அதிகம் பேர் அப்படி ஒரு கேள்வி இருப்பதையே நினைத்துப் பார்ப்பதில்லை. ராணுவ வாசல் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

மஸ்ஜித் தானா மக்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வாசல் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. சுங்கை ஊடாங் போகும் வழியில் தெரெண்டாக் முகாம். 1950-களின் இறுதியில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் படைகளுக்காகக் கட்டப்பட்டது. அந்நிய வீரர்கள் போன பிறகு நம் நாட்டு ராணுவத்தின் கைக்கு வந்தது. இன்று 10-ஆவது பாராசூட் படைப்பிரிவின் தலைமையகம் அங்கேதான். முகாமுக்குள்ளேயே 94-ஆவது ஆயுதப்படை மருத்துவமனை இயங்குகிறது. கோலாலம்பூரில் துவாங்கு மிசான், லுமுட்டில் கடற்படைத் தளத்து மருத்துவமனை என்று நாட்டில் உள்ள சில ராணுவ மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. வேலிக்கு வெளியே இருந்து பார்த்தே நாம் பழகிவிட்டோம். உள்ளே டாக்டர்கள் வேலை செய்கிறார்கள், அவர்களிலும் நிபுணர்கள் உண்டு, அவர்களும் எங்கோ படித்துத்தான் நிபுணர் ஆனார்கள் என்பது நம் பேச்சில் வருவதில்லை.

முதலில் நமக்குப் பழகிய வாசலைப் பார்ப்போம்.

2016 டிசம்பரில் அரசாங்கம் ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது. அதுவரை ஹவுஸ்மேன் ஆகச் சேர்ந்த டாக்டருக்கு நிரந்தர வேலை ஏறக்குறைய உறுதி. டாக்டர்கள் பெருகிவிட்டார்கள், பணியிடங்கள் இல்லை என்று சொல்லி அந்த உறுதி எடுக்கப்பட்டது. 2021-க்குள் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட மருத்துவ அதிகாரிகள் 23 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் நிரந்தர வேலை கிடைத்தது 789 பேருக்கு. கோவிட் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி, காலை 11 மணிக்கு, ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். ‘ஹர்த்தால் டாக்டர் கொந்த்ராக்’ என்ற பெயர் நாடு முழுக்கப் பரவியது.

சம்பளம் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதிதான். ஆழமான காரணம் நிபுணத்துவப் படிப்பு. மாஸ்டர்ஸ் படிக்க முழுச் சம்பளத்தோடு விடுப்பும், ‘ஹாடியா லத்திஹான் பெர்செக்குத்துவான்’ எனும் கூட்டரசு உதவிநிதியும் நிரந்தர அதிகாரிகளுக்குத்தான் கிடைத்து வந்தன. ஒப்பந்த டாக்டர் ஒரே வார்டில், ஒரே இரவு வேலையைப் பார்த்தாலும் அந்த வரிசையில் நிற்க முடியாது. போராட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, அன்றைய பிரதமர் டான்ஸ்ரீ முகிதின் யாசின் இந்தக் கதவைத் திறப்பதாக அறிவித்தார். கட்டாயச் சேவை முடிந்ததும் ஒப்பந்தம் இரண்டாண்டு நீளும், அதற்குள் நிபுணத்துவப் படிப்பில் சேர்ந்தால் மேலும் நான்காண்டு வரை நீட்டிப்பு, உதவிநிதிக்கும் விண்ணப்பிக்கலாம் என்றார். ஒப்பந்த டாக்டருக்கு இது பெரிய மாற்றம். ஆனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒப்பந்தம் முடிவதற்குள் இடம் பிடிக்க வேண்டும். ‘மெட்எக்ஸ்’ எனும் துறைவாரி நுழைவுத் தேர்வில் தேற வேண்டும், நேர்முகத்தில் தேற வேண்டும், மேலதிகாரியின் நல்ல அறிக்கையும் வேண்டும்.

இடம் என்றால் எங்கே? மலாயா, கெபங்சான், சைன்ஸ், புத்ரா, இஸ்லாமியப் பல்கலைக்கழகம் என்று அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இடங்கள் பூமிபுத்ரா அல்லாத நம் பிள்ளைகளுக்கு இல்லை. 2024-ல் இதய அறுவைச் சிகிச்சைப் படிப்பை ஒட்டி எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். நாட்டில் இதய அறுவை நிபுணர்கள் போதவில்லை, அங்குள்ள நிபுணத்துவப் படிப்பை மட்டுமாவது தற்காலிகமாக எல்லாருக்கும் திறக்கலாமே என்ற யோசனையை மலேசிய மருத்துவச் சங்கம் முன்வைத்தது. மாணவர்கள் கறுப்புச் சட்டை அணிந்து எதிர்த்தார்கள். யோசனை அதோடு படுத்துவிட்டது.

அதே ஆண்டில் இன்னொரு கதவும் ஆட்டம் கண்டது. அதற்கு ‘பேரலல் பாத்வே’ என்று பெயர். உள்ளூர் மாஸ்டர்ஸுக்குப் பதில், நம் மருத்துவமனைகளில் வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டன், அயர்லாந்து மருத்துவக் கல்லூரிகளின் தேர்வுகளை எழுதி நிபுணர் ஆகும் வழி. பொது மருத்துவத்துக்கு எம்.ஆர்.சி.பி., குழந்தை மருத்துவத்துக்கு எம்.ஆர்.சி.பி.சி.எச். என்று துறைக்கொரு தேர்வு உண்டு. மாஸ்டர்ஸ் இடம் கிடைக்காத நம் டாக்டர்கள் பலரும் இந்த வழியைத்தான் நம்பியிருக்கிறார்கள். எடின்பரோ அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் இதய அறுவைத் தேர்வில் தேறிய முதல் நால்வரை நிபுணர் பட்டியலில் சேர்க்க மலேசிய மருத்துவ மன்றம் மறுத்துவிட்டது. சுகாதார அமைச்சின் ஏற்பாட்டில் பயிற்சி பெற்றவர்களை மன்றம் ஏற்கவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது? வழக்கு நீதிமன்றம் போனது. 2024 ஜூலையில் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தைத் திருத்தும் மசோதா மக்களவையில் நிறைவேறிய பிறகுதான் இந்த வழிக்குச் சட்டத்தில் கால் ஊன்ற இடம் கிடைத்தது.

ஆக சிவிலியன் வாசலில் துறையைத் தேர்ந்தெடுப்பது டாக்டரின் கையில். இருதயமா, மூளையா, மயக்க மருந்தா என்று அவரே முடிவு செய்யலாம். தேறாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம். ஆனால் அந்த அடுத்த ஆண்டு வேலை இருக்குமா, எந்த மாநிலத்தில் இருக்கும் என்பது அவர் கையில் இல்லை. வெளிநாட்டுத் தேர்வுகளுக்குக் கட்டணம் பவுனில் கட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகளின் தேர்வுக்கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலி இரண்டு முறை அடகுக்கடைக்குப் போய் வந்திருக்கிறது. தனியார் கல்லூரியில் மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் செலவழித்து, பி.டி.பி.டி.என். கடனும் சுமந்து வந்த பிள்ளைக்கு அதற்கு மேலும் இந்தச் செலவு.

இப்போது தெரெண்டாக் பக்கம் திரும்புவோம்.

ராணுவ டாக்டர் ஆக முக்கிய வழி சுங்கை பெசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம். 1995-ல் ராணுவக் கழகமாகத் தொடங்கி 2006-ல் பல்கலைக்கழகமானது. அதன் மருத்துவப் பிரிவில் சேரும் மாணவர் கேடட் அதிகாரியாகச் சேருகிறார். படிப்புச் செலவை ஆயுதப்படை ஏற்கிறது, மாதாமாதம் அலவன்ஸும் உண்டு. பதிலுக்கு மணமாகாதவராக இருக்க வேண்டும். உயரம், எடை, பார்வை, ஓட்டம் எல்லாம் பார்ப்பார்கள். காலையில் அணிவகுப்பு, பிறகு உடற்கூறு வகுப்பு. பெண்களுக்கும் இடம் உண்டு. பட்டம் வாங்கியதும் வேலை தேட வேண்டியதில்லை. ஹவுஸ்மேன் பயிற்சி இவர்களுக்கும் உண்டு, மருத்துவ மன்றப் பதிவும் அதேதான். நிபுணத்துவப் படிப்புக்கு அதே பல்கலைக்கழகங்களுக்குத்தான் இவர்களும் போகிறார்கள். அறுவை அரங்கில் ராணுவத்தானின் கத்தி வேறு, சிவிலியனின் கத்தி வேறு இல்லை.

வேறுபாடு யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சிவிலியன் டாக்டர் தானாக வரிசையில் நிற்கிறார். ராணுவ டாக்டரைப் படை அனுப்ப வேண்டும். இந்த ஆண்டு மயக்க மருந்து நிபுணர் தேவை, எலும்பு நிபுணர் தேவை என்று படை தன் தேவையைப் பார்த்துத்தான் அனுப்பும். போர்க்களக் காயம், எலும்பு முறிவு, தீக்காயம், அவசரச் சிகிச்சை, மனநலம் போன்றவற்றுக்கு ராணுவத்தில் மதிப்பு அதிகம் என்பதை யாரும் ஊகிக்கலாம். எனக்குக் கருத்தரிப்புச் சிகிச்சைதான் பிடிக்கும் என்று ஒரு கேப்டன் சொன்னால் படை அதைக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

இன்னொன்று, காலம். ராணுவ டாக்டர் மருத்துவமனையில் மட்டும் இருப்பதில்லை. படைப்பிரிவு ஒன்றின் டாக்டராக முகாமில் இருப்பார். வீரர்களின் காய்ச்சல், கால் சுளுக்கு, உடல் தகுதிச் சான்றிதழ் பார்ப்பார். காட்டுப் பயிற்சிக்கும் கூடவே போவார். நம் வீரர்கள் 2007 முதல் லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் இருக்கிறார்கள், அங்கும் டாக்டர் வேண்டும். 2017 டிசம்பரில் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்யா அகதிகளுக்காக மலேசியா கள மருத்துவமனை திறந்தபோது அதில் ராணுவ டாக்டர்களின் பங்கு பெரியது. இப்படிப்பட்ட அனுபவம் எந்தச் சிவிலியன் டாக்டருக்கும் எளிதில் கிடைக்காது, உண்மை. ஆனால் இதே ஆண்டுகளில் சிவிலியன் தோழன் வார்டில் நின்று மெட்எக்ஸுக்குப் படித்துக்கொண்டிருப்பான். முகாமில் இருப்பவன் வார்டின் வாடை இல்லாமல் அதே தேர்வுக்கு வர வேண்டும்.

இந்தச் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ராணுவ உதவித்தொகையில் மருத்துவம் படித்தவர் முதலில் ராணுவத்தின் தேர்வுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அதன் முடிவு டிசம்பரில் வந்துவிடும். சிவிலியன்களின் முடிவு மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, நாடு முழுக்க ஒரே நாளில். ராணுவம் மூன்றில் ஒன்றைச் சொல்லும்: எங்கள் மருத்துவமனையில் பயிற்சி எடு, அல்லது சிவிலியன் மருத்துவமனையில் பயிற்சி எடுத்துவிட்டு வா, அல்லது ஓராண்டுப் பயிற்சியோடு முகாமுக்குப் பொது டாக்டராகப் போ, நிபுணத்துவத்தைப் பிறகு பார்க்கலாம். இந்த மூன்றாவது பதில் வந்தவர்கள் சில ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு நல்லது இருக்கிறது. எந்தத் துறைக்கு எத்தனை இடம், எந்தத் தேதியில் முடிவு, எத்தனை ஆண்டு சேவைக்கடன் என்பது விண்ணப்பிக்கும் முன்பே தெரியும். ராணுவத்தின் சொந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தால் ஏழாண்டு என்று 18 வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு, ராணுவம் இல்லாமலே. அங்கே கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த அரசு டாக்டருக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு நெடுங்காலம் இருந்தது. நீட் வந்த பிறகு அது சிக்கலில் மாட்டியது. 2020 ஆகஸ்டு 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, பணியில் உள்ள டாக்டர்களுக்கு மாநிலங்கள் ஒதுக்கீடு தரலாம் என்று தீர்ப்பு சொன்னது. தொலைதூர, கடினமான இடங்களில் பார்த்த சேவைக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் கொடுக்கும் விதியும் அந்நாட்டில் உண்டு. கஷ்டப்பட்ட இடத்தில் வேலை பார்த்தால் அது படிப்புக்குக் கணக்கில் வரும் என்பது டாக்டருக்கு முன்கூட்டியே தெரிகிறது. சபா, சரவாக் உட்புறத்துக்கு அனுப்பப்படும் நம் ஒப்பந்த டாக்டர்கள் இதைப் படித்தால் ஏங்குவார்கள். அந்தச் சேவைக்கு எத்தனை புள்ளி என்று எழுத்தில் சொல்லிவிட்டால் உட்புறத்துக்குப் போக ஆள் கிடைக்காமல் போகாது.

சரி, நம் பிள்ளை எந்த வாசலில் நிற்பது?

என் கணிப்பைச் சொல்கிறேன். இன்ன துறைதான் வேண்டும் என்று மனத்தில் முடிவு செய்துவிட்ட பிள்ளைக்கு, அதற்காக ஒப்பந்தத்தின் நிச்சயமின்மையைச் சில ஆண்டுகள் தாங்கும் குடும்பமும் இருந்தால், சிவிலியன் வழியே நல்லது. துறை எதுவானாலும் பரவாயில்லை, கடன் இல்லாமல் டாக்டர் ஆக வேண்டும், மாதச் சம்பளம் தடையில்லாமல் வர வேண்டும், ஒழுங்குக்கும் ஊர் மாற்றத்துக்கும் அஞ்சவில்லை என்றால் ராணுவ வழி தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரிய வாய்ப்பு. கேட்டதுமே "நம்மாளுங்களுக்கு அங்க எங்கப்பா இடம்" என்று சொல்லிவிடுகிறோம். ஆயுதப்படையில் இந்தியர்கள் மிகக் குறைவு என்பது உண்மைதான். விண்ணப்பம் போடுபவர்களும் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். எடுக்கிறார்களா இல்லையா என்பது விண்ணப்பங்கள் குவிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி. அப்போதும் எடுக்காவிட்டால், அதைக் கையில் எண்ணிக்கையோடு நாடாளுமன்றத்தில் எழுப்பலாம்.

இந்த வழியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. சிவிலியன் பிள்ளை தன் துறையை 28 வயதில் முடிவு செய்கிறது. ஆறு வார்டுகளில் சுற்றி, எது பிடிக்கிறது, எது கைவரவில்லை என்று தெரிந்த பிறகு. கேடட் ஆகச் சேரும் பிள்ளை 18 வயதில் கையெழுத்துப் போடுகிறது. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் முன்பே, அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் எங்கே இருப்பது, எப்போது படிப்பது என்ற முடிவைப் பிறர் கையில் கொடுத்துவிடுகிறது. நடுவில் மனம் மாறினால் சேவைக்கடன் நிற்கும். அப்பா கூடவே போய்க் கையெழுத்துப் போடும் கடிதம் அது. பெரும்பாலான அப்பாக்கள் அதன் கடைசிப் பக்கத்தைப் படிப்பதில்லை.

நம் இயக்கங்களிடம் ஒரு வருத்தமும் உண்டு. எஸ்.பி.எம். முடிந்தவர்களுக்கு வழிகாட்டிக் கருத்தரங்கு ஆண்டுதோறும் நடக்கிறது. மருத்துவக் கல்லூரிகளின் கூடாரங்கள் வரிசையாக நிற்கும், மதிய உணவும் உண்டு. மருத்துவம் முடித்தவர்களுக்கு ஒன்றுமில்லை. 1997-ல் மணிப்பால் கல்லூரி மலாக்காவுக்கு வந்த பிறகு இந்த மாநிலத்தில் இந்திய டாக்டர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் மெட்எக்ஸ் எழுதியவர்கள், எம்.ஆர்.சி.பி. முடித்தவர்கள், ராணுவச் சீருடை போட்டவர்கள் இரண்டு மூன்று பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அலோர் காஜாவிலோ மஸ்ஜித் தானாவிலோ ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தால் போதும். மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம்.

அப்படி ஒருவர் கிடைத்தால் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. படிப்பு முடிந்ததும் எத்தனை ஆண்டு சேவைக்கடன், அது பட்டம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுமா, ஹவுஸ்மேன் முடிந்த நாளிலிருந்தா? நிபுணத்துவப் படிப்புக்கு அனுப்பினால் அதற்குத் தனியாக இன்னொரு கடன் ஏறுமா, பழையதோடு சேர்ந்து ஓடுமா? எத்தனை ஆண்டு முகாமில் இருந்த பிறகு மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்க விடுவார்கள்? கடந்த சில ஆண்டுகளில் எந்தெந்தத் துறைகளுக்கு அனுப்பினார்கள்? மெட்எக்ஸில் தேறியும் படை அனுப்பாவிட்டால் அந்தத் தேர்ச்சி எத்தனை காலம் செல்லும்? நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, பிணைக் கையெழுத்துப் போடுபவர் யார்? ஒப்பந்த டாக்டரின் வீட்டிலும் இதே போலக் கேட்க வேண்டும்: ஒப்பந்தம் முடியும் தேதி எது, அதற்குள் எத்தனை தேர்வுத் தவணை மீதம் இருக்கிறது? பதிலை வாய்மொழியாக வாங்காமல், கடிதத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். மலாயில் இருக்கும், பிள்ளை வாசித்து வீட்டில் எல்லாருக்கும் தமிழில் சொல்லட்டும்.